சட்டத் திருத்தம் வரும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 48 வயது 10 மாதம் ஆகிறது. கணவருக்கு 54 முடிந்து இரண்டு மாதம். 2020-ல் ஐ.வி.எஃப். சிகிச்சையின்போது உருவான இரண்டு கருக்களை உறைநிலையில் வைத்திருக்கிறோம். அதன்பின் எனக்குக் கருப்பையில் கட்டி அறுவை சிகிச்சை, மாமியாருக்கு உடல்நலக் குறைவு என்று காலம் ஓடிவிட்டது. "நாடாளுமன்றத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வயது வரம்பை உயர்த்திவிடுவார்கள், அவசரப்படாதே" என்கிறார் என் அண்ணன். இதற்கிடையே, மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் அறிமுகமான ஒரு பெண், பணம் கொடுத்தால் 12 கருமுட்டை தரும் டோனரைத் தானே ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அவர் பேச்சைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள்.

இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை) சட்டம், 2021-ன்படி சிகிச்சை பெறும் பெண் 21 வயதைக் கடந்தவராகவும் 50 நிரம்பாதவராகவும் இருக்க வேண்டும். ஆணுக்கு 21-க்கு மேல், 55-க்குள். உங்களுக்கு இன்னும் 14 மாதம் இருப்பதாகக் கணக்குப் போட்டிருப்பீர்கள். உங்கள் கணவருக்கு மிச்சமிருப்பதோ பத்தே மாதம். தம்பதியாகச் சிகிச்சைக்குப் போகும்போது மருத்துவமனைகள் இருவர் வயதையும் பார்க்கின்றன. ஆகவே அவருடைய 55-வது பிறந்தநாளைத்தான் உங்கள் கடைசித் தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே உறையவைத்த கருவை எடுத்துக் கருப்பையில் வைப்பதும் இந்தச் சட்டப்படி சிகிச்சைதான். "கரு முன்பே தயாராக இருக்கிறதே, வைப்பதுதானே பாக்கி" என்று நினைத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்றே வீட்டில் சரிபார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்ட தேதி, ஆதாரில் இருக்கும் தேதி, பெற்றோர் சொல்லும் தேதி மூன்றும் வெவ்வேறாக இருக்கும் தலைமுறை உங்களுடையது. மருத்துவமனை ஆவணத்தைத்தான் பார்க்கும். இருவருடைய பள்ளிச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வருட வித்தியாசம் இருந்தால் உங்கள் பத்து மாதக் கணக்கே தலைகீழாகிவிடும்.

இப்போது நாடாளுமன்ற விஷயம். இந்தத் துறைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல் வந்தது 2005-ல். சட்டத்துக்கான முதல் வரைவு 2008-ல். அதன்பின் 2010-லும் 2014-லும் வேறு வரைவுகள் வந்தன. மசோதா மக்களவையில் அறிமுகமானது 2020 செப்டம்பரில். நிலைக்குழுவுக்குப் போய்த் திரும்பி, 2021 டிசம்பர் 1-ல் மக்களவையிலும் 8-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரி 25. முதல் வரைவிலிருந்து எண்ணினால் 13 ஆண்டுகள் தாண்டிவிட்டன. அவையில் ஒரு குறையைச் சொன்னாலே அது திருத்தப்பட்டுவிடும் என்றும் இல்லை. மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள், ஒருபாலினத் தம்பதியர் ஆகியோரை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று 2021 விவாதத்தில் உறுப்பினர்கள் கேட்டார்கள். அவர்களைச் சேர்க்காமலேயே சட்டம் நிறைவேறியது.

"வாடகைத்தாய் விஷயத்தில் சட்டென்று மாற்றினார்களே" என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். 2023 மார்ச்சில், வாடகைத்தாய் முறையில் தானமாகப் பெற்ற கருமுட்டைக்கும் விந்தணுவுக்கும் தடை வந்தது. 2024 பிப்ரவரியில், மாவட்ட மருத்துவ வாரியம் சான்றளித்தால் தம்பதியரில் ஒருவருக்குப் பதிலாகத் தானம் பெறலாம் என்று தளர்த்தினார்கள். ஆனால் அது விதி. விதியை அரசு ஓர் அறிவிக்கையில் மாற்றிவிட முடியும். உங்கள் வயது வரம்போ சட்டத்தின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை மாற்ற மசோதா வர வேண்டும், இரு அவைகளும் நிறைவேற்ற வேண்டும், குடியரசுத் தலைவர் கையெழுத்திட வேண்டும். பத்து மாதத்தை அதை நம்பிச் செலவிட முடியாது.

நீதிமன்றம்? 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வாடகைத்தாய்ச் சட்டம் வருவதற்கு முன்பே கருவை உறையவைத்து வாடகைத்தாய் முறையைத் தொடங்கிவிட்ட தம்பதியருக்கு அந்தச் சட்டத்தின் வயது வரம்பு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. உங்கள் கருக்களும் 2022-க்கு முந்தையவை என்பதால் மனதில் ஆசை எழும். ஆனால் அது வாடகைத்தாய்ச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. நீங்கள் சுமக்கப்போவது உங்கள் கருப்பையில். அதை ஆதாரமாகக் காட்டி வழக்காடலாமே தவிர, நேரடி அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது. வழக்கு என்று போனால் வாய்தாவுக்கு வாய்தா மாதங்கள் கரையும். அதைக் கடைசிக் கதவாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்தப் பெண் சொன்ன டோனர். தயவுசெய்து விலகி நில்லுங்கள். தானம் செய்பவரைப் பரிசோதித்து ஏற்பாடு செய்யும் உரிமை, தனி அமைப்பாகப் பதிவுபெற்ற கருமுட்டை, விந்தணு வங்கிக்கு மட்டுமே உண்டு. இடைத்தரகர் வழியாக டோனரைப் பெறுவதே குற்றம். முதல் முறைக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 3 முதல் 8 ஆண்டு சிறை, அதோடு 10 முதல் 20 லட்சம் அபராதம். "12 கருமுட்டை" என்ற பேச்சே சட்டவிரோதம். ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கருமுட்டை தானம் செய்யலாம். ஏழுக்கு மேல் எடுக்கக் கூடாது. அவருக்கு வயது 23 முதல் 35-க்குள் இருக்க வேண்டும். ஒருவரின் கருமுட்டையை இரண்டு தம்பதியருக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. ஊசி போட்டுத் தூண்டும்போது எத்தனை முட்டை வளரும் என்று முன்கூட்டியே எண்ண முடியாது, ஏழு என்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று மருத்துவர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அளவுக்கு மீறித் தூண்டினால் வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த ஆபத்தைச் சுமப்பது தானம் தருகிற பெண். இந்த வரம்பு அவளுக்காகப் போட்டது.

2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டை மீண்டும் மீண்டும் விற்கப்பட்டது நினைவிருக்கும். போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். அந்த முட்டைகளைப் பெற்ற தம்பதியரில் எத்தனை பேர் உங்களைப் போல் நல்ல மனதோடு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார்களோ! எனக்கு அந்த எண்ணம் இன்றும் ஆறவில்லை.

முதலில் டோனர் உங்களுக்குத் தேவைதானா என்று பாருங்கள். வயதாவதால் தரம் குறைவது கருமுட்டைக்குத்தான். கருப்பை அந்த அளவு பாதிக்கப்படுவதில்லை. உறையவைத்த கருவுக்கு அது உருவான நாளின் வயதே கணக்கு. ஆகவே முதலில் உங்கள் இரண்டு கருக்களைப் பயன்படுத்துவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். 43 வயதை ஒட்டி உருவான கரு என்பதால் வெற்றி வாய்ப்பு குறைவுதான். அதை அவர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், நீங்களும் கேட்க வேண்டும். இந்த வயதில் கர்ப்பம் என்றால் ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் ஏறும் அபாயம் அதிகம். இதயப் பரிசோதனையையும், அறுவை சிகிச்சை நடந்த இடத்தில் தழும்பு எப்படி இருக்கிறது என்பதையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். டோனர்தான் வழி என்று மருத்துவர் சொன்னால், பதிவுபெற்ற வங்கி மூலம் மட்டும் போங்கள். தானம் தருபவருக்கு 12 மாதக் காப்பீடு எடுப்பது உங்கள் பொறுப்பு.

கருவைச் சேமிக்க அதிகபட்சம் 10 ஆண்டு. 2020-லிருந்து எண்ணினாலும் உங்களுக்கு அதில் சிக்கல் இல்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது நீங்கள் 2020-ல் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம். என்னிடம் ஒரு பெண் வந்தார். மருத்துவமனை அங்கியோடு படுத்திருந்தபோது, பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எட்டுப் பக்கம். "இருவரில் ஒருவர் இறந்தால் கருவை என்ன செய்வது" என்ற கட்டம் மட்டும் காலி. கணவர் திடீரென்று போய்ச் சேர்ந்தார். மருத்துவமனை கருவைத் தரவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அந்தக் காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் என் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இன்றைய சட்டப்படி, மரணமோ செயலிழப்போ நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுத்துபூர்வமாகச் சொல்லாமல் கருவை உறையவைக்கவே கூடாது. உங்களுடையது பழைய படிவம். கருவைக் கருப்பையில் வைக்கும் வரை எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

திங்கட்கிழமை இருவருமாகப் போங்கள். முதலில் அந்தப் பழைய படிவத்தின் நகலைக் கேளுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், வீட்டில் பேசி முடிவெடுத்துப் புதிதாக எழுதிக் கொடுங்கள். மருத்துவமனையின் பதிவுச் சான்றிதழைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். நகல் தர மறுத்தால், சட்டப்படி அங்கேயே இருக்க வேண்டிய குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.