மழைக்கு என்ன செய்திருக்கிறார்கள்?

அன்புள்ள அண்ணாச்சி,

நாங்கள் நாலு பேர், நான், கணவர், பத்து வயது மகன், மாமியார், காரில் நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் வரை போய்வரலாம் என்றிருக்கிறோம். பழைய கட்டடங்கள் பார்ப்பதில் எனக்கு ஆசை. ஆனால் எங்கே போனாலும் ஒரே கதைதான். இணையத்தில் தேடினால் அதே பத்து இடங்கள் வருகின்றன. வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு, உள்ளே வேகமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிறோம். வீட்டுக்கு வந்தபிறகு எதை எங்கே பார்த்தோம் என்பதே குழம்பிவிடுகிறது. நான் கட்டடக்கலை படித்தவள் இல்லை. வழியில் பார்க்கத் தகுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்த பிறகு அதில் எதைப் பார்ப்பது?

ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

இடங்கள் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கையில் தருகிறேன். வழியில் எந்தக் கட்டடத்தைக் கண்டாலும், அது அரண்மனையோ டீக்கடையோ, இதை மட்டும் கேளுங்கள்: மழைக்கு இங்கே என்ன செய்திருக்கிறார்கள்? கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை. உங்கள் மகனே பதில் கண்டுபிடித்துவிடுவான்.

நீங்கள் கரிசல் காட்டிலிருந்து வருகிறீர்கள். அங்கே வீடு வெயிலுக்காகக் கட்டப்பட்டது. தடித்த சுவர், சின்ன ஜன்னல், தட்டையான கூரை. காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழையும்வரை அந்த வீடுகள் கூடவே வரும். முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டியதும் குளம், வயல், வாழை, தென்னை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மாநில எல்லை களியக்காவிளையில்தான் இருக்கிறது, ஆனால் கூரைகள் அதற்கு வெகு முன்னாலேயே சரியத் தொடங்கிவிடும். மேற்கே போகப் போகச் சரிவு கூடும், தாழ்வாரம் கீழே இறங்கும், சுவர் கண்ணில் படுவது குறையும். காரில் உட்கார்ந்தபடியே இதைப் பார்க்கலாம். முடிந்தவரை பழைய சாலையில் போங்கள். நாலுவழிச் சாலையில் ஒரு வீடும் உங்களைப் பார்த்து நிற்காது.

முதலில் சுசீந்திரம். ஏழு நிலைக் கோபுரம், 134 அடி. அண்ணாந்து பார்த்துவிட்டு, அதை மனதில் வைத்துக்கொண்டு திருவட்டாறு போங்கள். காரில் ஒரு மணி நேரம்தான். அங்கே ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அந்த மாதிரிக் கோபுரமே கிடையாது. படியேறினால் கேரள பாணி ஓட்டுக்கூரை, மரவேலை, உள்ளே நீண்ட கல் பிராகாரம், தூணுக்குத் தூண் விளக்கேந்திய பாவைகள். கருவறையில் 22 அடி நீளத்தில், கடுசர்க்கரை எனும் மூலிகைக் கலவையால் ஆன பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்த கோயில் இது. கல் தூண் கிழக்கின் பழக்கம், ஓடும் மரமும் மேற்கின் பழக்கம். இரண்டும் சண்டையில்லாமல் சேர்ந்திருக்கும் இந்த இடத்தை அவசரமாகப் பார்த்துவிடாதீர்கள்.

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் பத்மநாபபுரம் அரண்மனையைத்தான் சொல்வேன். உங்கள் பத்து இடங்களில் அதுவும் இருந்திருக்கும், பரவாயில்லை. தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். மண் தமிழ்நாட்டுடையது, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையுடையது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தபோது அரண்மனை மட்டும் அவர்கள் பொறுப்பிலேயே நின்றது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கேதான். இன்று நாம் பார்க்கும் அரண்மனைக்குப் பெரும்பாலும் உருவம் கொடுத்தவர் மார்த்தாண்ட வர்மா, 1750ஐ ஒட்டி.

உள்ளே வழிகாட்டிகள் அறுபத்து நாலு மூலிகை மரக் கட்டிலையும் குதிரை விளக்கையும் காட்டுவார்கள். பாருங்கள். ஆனால் கூட்டம் நகர்ந்ததும் கொஞ்சம் பின்தங்கி நின்று கூரையைப் பாருங்கள். கோழி குஞ்சுகள்மேல் இறக்கையை இறக்கிக்கொள்வது போல, ஓட்டுக்கூரை சுவருக்கு வெளியே வந்து தாழ இறங்கியிருக்கும். மழை சுவரைத் தொடவே முடியாது. சுவர் நனையாது என்றானபின் அதைத் தடிமனாகக் கட்ட வேண்டியதில்லை. மரச்சட்டங்களைச் சாய்த்து அடுக்கி இடைவெளி விட்டால் போதும். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் நின்றால் இது புரியும். அந்தச் சட்டங்கள் வழியாகக் காற்று வருகிறது, கண் கூசாத வெளிச்சம் வருகிறது, வெளியே நடப்பது உங்களுக்குத் தெரிகிறது, வெளியே இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. கூரையின் இரு முனையிலும் முக்கோண முகப்பில் மரவேலை இருக்கும். அது வெறும் அழகு இல்லை. மேலே சேரும் வெக்கை அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. ஒவ்வொரு செதுக்கலுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பதுதான் இந்த அரண்மனையில் என்னைத் திரும்பத் திரும்ப நிறுத்திவைக்கிறது. பளபளக்கும் கருந்தரையைக் குனிந்து பாருங்கள். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்று சொல்கிறார்கள். செருப்பில்லாமல் நடக்கச் சொல்வது நல்லதுக்குத்தான், அதன் குளிர்ச்சி காலில் ஏறும்.

அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தின் நடுமுற்றத்தில் மகனை நிறுத்தி, விழும் மழை எங்கே போகிறது என்று தேடச் சொல்லுங்கள். அப்புறம் நவராத்திரி மண்டபம். இத்தனை மரத்துக்கு நடுவே அது முழுக்கக் கல். அங்கிருக்கும் சரஸ்வதி ஒவ்வொரு நவராத்திரிக்கும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்வருகிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை அம்மனும் உடன் போகிறார்கள். எல்லையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறார்கள்.

மார்த்தாண்டம் பக்கம் இரண்டு இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிதறால் மலையில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள். இங்கே கூரையே இயற்கைப் பாறைதான். பிறகு மாத்தூர் தொட்டிப்பாலம். 1960களில் கட்டிய கான்கிரீட் பாலம், பள்ளத்தாக்கின் மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் போகிறது. பக்கத்திலேயே நாம் நடந்து போகலாம். பழசு மட்டும்தான் கட்டடக்கலை என்று நினைப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். 1880இல் திறந்தது. வரைந்தவர் ராபர்ட் சிசோம், சென்னையில் கடற்கரை ஓரம் செனட் ஹவுஸ் கட்டிய அதே மனிதர். சென்னையில் குவிமாடம் வைத்தவர், இங்கே வந்ததும் சரிந்த ஓட்டுக்கூரையும் முக்கோண முகப்பும் வைத்தார். ஊரின் மழை அவருக்குப் பாடம் எடுத்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

கடைசியில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். பர்மிங்ஹாமில் 1917இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் 2007இல் மறைந்தவர். தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய இந்தியன் காபி ஹவுஸ் அவருடையது. சிவப்பு உருளைக் கட்டடம். உள்ளே மாடிப்படி கிடையாது, தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறும், மேஜைகள் அந்தச் சரிவின் ஓரமாகவே வரிசையாக இருக்கும். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். பத்மநாபபுரத்தில் மரச்சட்டம் செய்த வேலையை இங்கே ஓட்டைச் சுவர் செய்கிறது. செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் கட்டும் முறையை அவர் இங்கே பரப்பினார். கால்பங்கு செங்கல் மிச்சம், வெக்கையும் உள்ளே குறைவாகவே இறங்கும். பணம் இல்லாதவர்களுக்கும் நல்ல வீடு வேண்டும் என்று உழைத்த ஒரு மனிதரின் கட்டடத்தில் மசால்தோசை சாப்பிடக் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

பெயரில்லாத கட்டடங்களைக் கண்டுபிடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். “பார்க்க என்ன இருக்கு?” என்று கேட்டால் யாரும் அருவிக்கும் அணைக்கும்தான் கைகாட்டுவார்கள். டீக்கடையில் வயதானவர் யாரிடமாவது “பழைய மர வீடு, அறைப்புரை வெச்ச வீடு இங்கே எங்கேயாவது நிக்குதா?” என்று கேளுங்கள். அறைப்புரை என்றால் நெல் சேமிக்கும் மர அறை. கூடவே வந்து காட்டுவார்கள். ஆள் குடியிருக்கும் வீடு என்றால் அனுமதி கேட்ட பிறகே கேமராவை எடுங்கள். சாலையோரக் கல்மண்டபங்களையும் சுமைதாங்கிக் கற்களையும் விட்டுவிடாதீர்கள். தலைச்சுமையோடு நடந்தவர்களுக்காக நட்டவை அவை.

எப்போது போவது? எல்லோரும் மழை விட்டபிறகு போ என்பார்கள். நான் ஜூனிலோ ஜூலையிலோ போகச் சொல்வேன். ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டும்போதுதான் அந்தத் தாழ்வாரங்கள் எதற்கு என்று தெரியும். குடை எடுத்துக்கொள்ளுங்கள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கோயில்களில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் திருவட்டாறைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அரண்மனைக்குள் மரப்படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், மாமியாரை அவசரப்படுத்தாதீர்கள். சிதறால் ஏற்றம் அவருக்குச் சிரமம் என்றால் அந்த நேரத்தை மாத்தூருக்குக் கொடுத்துவிடலாம்.

அன்புடன்