1878 மார்கன் டாலர்: ஏழு இறகா, ஏழுக்கடியில் எட்டா?

கேள்வி: 1878 மார்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளிக் காசு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கழுகின் வாலில் 7 இறகுகள் தெரிகின்றன. அவற்றின் நுனிக்குக் கீழே ஏதோ நீட்டிக்கொண்டிருப்பதுபோலவும் படுகிறது. விற்பவர் ‘7/8’ (எட்டு இறகின் மேல் ஏழு) என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார். நம்பலாமா?

பதில்: வாலை எண்ணுவதற்கு முன் பின்பக்கத்தில் மலர்வளைய முடிச்சின் கீழே பாருங்கள். அங்கே காசு அடித்த நாணயச்சாலையின் எழுத்தாக ‘எஸ்’ (சான் பிரான்சிஸ்கோ) அல்லது ‘சிசி’ (கார்சன் சிட்டி) இருந்தால் பேரத்தை அத்தோடு விட்டுவிடலாம். எட்டு இறகும் 7/8-உம் எழுத்தே இல்லாத ஃபிலடெல்ஃபியா காசில் மட்டும்தான் உண்டு.

1878 மார்ச்சில் அங்கே அடிக்கத் தொடங்கியபோது கழுகுக்கு 8 வால் இறகுகள். விரைவிலேயே அதை 7 ஆக்கினார்கள். ஆனால் 8 இறகு அச்சுகள் பல தயாராக இருந்தன. அவற்றைத் தூக்கிப் போடாமல், புதிய 7 இறகு மூல அச்சை அவற்றின் மேலேயே அழுத்திவிட்டார்கள். பழைய இறகுகளின் நுனிகள் புதியவற்றுக்கு அடியில் எட்டிப்பார்ப்பது இதனால்தான். ஒவ்வோர் அச்சிலும் இது வேறுவேறு அளவில் நடந்திருக்கிறது. சிலவற்றில் ஏழு நுனிவரை தெரியும். சிலவற்றில் வாலில் ஒன்றுமே இருக்காது, கால்களில் மட்டும் இரட்டிப்பு இருக்கும்.

பத்து மடங்கு லென்ஸை எடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, காசை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். உண்மையான நுனி உருண்டு, தனி வடிவத்தோடு நிற்கும். தட்டையாக, படிக்கட்டு விளிம்புபோல் தெரிந்தால் அது அடிக்கும்போது அச்சு ஆடியதன் விளைவு. அதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். சந்தையில் ‘7/8’ என்று கூவப்படுபவற்றில் இந்த ரகமும் நிறையவே கலந்திருக்கும். நுனிகளை உங்களால் எண்ண முடியாவிட்டால் சாதாரண 7 இறகு விலையைத் தாண்ட வேண்டாம் என்பேன்.

அடியில் ஒன்றுமில்லாத 7 இறகிலும் இரண்டு வகை உண்டு. கழுகு பிடித்திருக்கும் அம்புகளில் மேலேயுள்ளதன் இறகு தண்டுக்கு இணையாக இருந்து, மார்பும் தட்டையாக இருந்தால் 1878 பின்பக்கம். இறகு சாய்ந்து, மார்பு புடைத்திருந்தால் 1879 பின்பக்கம். இவற்றைப் பிரித்த பிறகுதான் ‘வேம்’ எண்ணை, அதாவது அச்சு வகைகளின் பட்டியலில் காசுக்குரிய எண்ணை, தேட வேண்டும். வான் ஆலன், மாலிஸ் என்ற இருவரின் பெயரெழுத்துகளில் அமைந்த இந்த வரிசை, முன்பக்க அச்சையும் பின்பக்க அச்சையும் ஜோடியாக வைத்தே எண் தருகிறது. ஆகவே வாலை மட்டும் படம் பிடித்து அனுப்பினால் யாராலும் எண் சொல்ல முடியாது. இரு பக்கமும் வேண்டும்.

எடையும் போட்டுப் பாருங்கள்: 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர். தேய்ந்த காசில் எடை கொஞ்சம் குறையலாம். காந்தத்தில் ஒட்டினால் போலி. நுனி நன்றாகத் தெரியட்டும் என்று காசைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். கூடுதல் விலை அதிலேயே போய்விடும்.