பிரேக் பிடிக்காமல் மோதினால் க்ளெய்ம் கிடையாதா?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். ஏலகிரியிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் கார் தடுப்புச் சுவரில் மோதிவிட்டது. யாருக்கும் பெரிய காயமில்லை. ரிப்பேர் எஸ்டிமேட் 1,80,000 ரூபாய். ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தும், "பிரேக் ஃபெயிலியர் இயந்திரக் கோளாறு, பராமரிக்காதது உங்கள் தவறு" என்று கம்பெனி கைவிரிக்கிறது. 60,000 வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா?

பதில்: எல்லோரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தீர்களே, அதுவே பெரிது. 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வவுச்சரில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். போட்டபிறகு மீதியைக் கேட்பது ரொம்பச் சிரமம்.

தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் பாலிசியில் பணம் கிடையாதுதான். அந்த விலக்கு, கெட்டுப்போன பாகத்துக்கு. பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருந்தால் அதை மாற்றும் செலவு உங்களுடையது. சுவரில் மோதி நசுங்கிய பானெட், ரேடியேட்டர், ஹெட்லைட் எல்லாம் விபத்துச் சேதம். அதற்குத்தான் பிரீமியம் கட்டினீர்கள். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி மறுப்பது அநியாயம்.

யார் தவறு என்பது அடுத்தவருக்கு நஷ்டஈடு தரும் வழக்கில்தான் பெரிய கேள்வி. அங்கே 'பிரேக் ஃபெயிலியர்' என்று சொன்னால் மட்டும் தப்ப முடியாது. கவனமாகப் பராமரித்தும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு என்று வண்டிக்காரர்தான் நிரூபிக்க வேண்டும் என 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொந்த வண்டிச் சேதத்தில், கொஞ்சம் அசந்து ஓட்டியிருந்தாலும் க்ளெய்ம் உண்டு.

ஆனால் வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பாலிசியில் இருக்கிறது. கம்பெனி பிடித்துக்கொள்வது அதைத்தான். சர்வீஸ் பில்களைத் தேடி எடுங்கள். தெரு மெக்கானிக்கின் பில்லும் உதவும். இன்னொன்று: வண்டி ஆறியபின் பிரேக் பிடித்ததா? ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பு குறையும். ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயில் கொதித்து, பெடல் அடிவரை போகும். ஆறியதும் சரியாகிவிடும். அப்படியென்றால் பாகம் எதுவும் உடையவில்லை என்பது உங்கள் பக்கத்துக்குப் பலம். ஆயில் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தால் அதையே அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

மறுப்பை, எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் ரிப்போர்ட் நகலும் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால், சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரி) போகலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம்; ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இல்லையேல் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கு இரண்டு வருட அவகாசம்.

ஜெயித்தாலும் முழு 1,80,000 வராது. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி கழியும். அதைக் கழித்தே கணக்குப் போடுங்கள்.

நகையை பேங்கில் வைக்கலாம். பர்சனல் லோன், கிரெடிட் கார்டைவிட வட்டி பொதுவாகக் குறைவு. ஒர்க்‌ஷாப்பில் வண்டி சும்மா நின்றால் வாடகைதான் ஏறும். வேலை தொடங்கும்முன் கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டு, கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுங்கள். பழைய பிரேக் பாகங்களை மெக்கானிக் காயலான் கடைக்குப் போட்டுவிடாமல் வாங்கி வந்து வீட்டில் வையுங்கள்.