மாடியில் விறகடுப்பு, அடுப்பில் பீட்சா: வாசகர் கேள்விகள்

கேள்வி: மொட்டை மாடியில் நானே செங்கல் அடுக்கி ஒரு பீட்சா அடுப்பு கட்டினேன். தளத்துக்கு, வீடு கட்டி மிச்சமான கடப்பா கல். அரை மணி நேரம் விறகு எரித்துவிட்டுத்தான் பீட்சாவை உள்ளே வைக்கிறேன். மேலே சீஸ் கருகுகிறது, அடியில் மாவு வெள்ளையாக அப்படியே இருக்கிறது. தீயைக் கூட்டினால் இன்னும் மோசம். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். (வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு)

பதில்: தீயைக் கூட்டினால் மேலே கருகாமல் என்ன ஆகும் சார்! பீட்சாவின் அடிப்பாகத்தை வேக வைப்பது தீ இல்லை, தளம். தோசைக்கல் காயாமல் மாவு ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இங்கேயும் அதே கதைதான், கல் மட்டும் கொஞ்சம் தடிமன். மூன்று அங்குலச் செங்கல் உள்வரை சூடேற ஒன்றரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும். அரை மணியில் மேல்தோல் மட்டும் சுடும், ஈர மாவு விழுந்ததும் அந்தச் சூடும் போய்விடும்.

எரிக்கும்போது உள்கூரையைப் பாருங்கள். முதலில் புகைக்கரி படிந்து கன்னங்கரேலென்று ஆகும், அப்புறம் அந்தக் கரியே எரிந்துபோய்க் கூரை மறுபடி வெளுக்கும். அதுவரை பீட்சாவைப் பற்றி நினைக்கவே வேண்டாம். வெளுத்ததும் தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, அதன்மேல் சின்ன விறகு ஒன்றை மட்டும் எரியவிட்டு, சாம்பலைத் துடைத்துவிட்டு, தளத்தில் ஒரு சிட்டிகை மைதா தூவுங்கள். சில விநாடியில் பொன்னிறமானால் சரி, போட்ட உடனே கருகினால் ஐந்து நிமிடம் பொறுங்கள், வெள்ளையாகவே கிடந்தால் இன்னும் விறகு வேண்டும். நேப்பிள்ஸ்காரர்கள் தளத்தை 400 டிகிரியை ஒட்டி வைத்து 60 முதல் 90 விநாடிக்குள் எடுத்துவிடுகிறார்கள் (அந்தக் கைவேலைக்கு 2017இல் யுனெஸ்கோ அங்கீகாரமே கிடைத்தது). நமக்கு 350 போதும், இரண்டு மூன்று நிமிடம் ஆனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அந்தக் கடப்பா கல்லை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், இது கெஞ்சல். கடப்பாவும் கிரானைட்டும் இந்தச் சூட்டுக்கு வெடிக்கும், சில்லு தெறித்துக் கண்ணில் பட்டால் பீட்சா எல்லாம் மறந்துபோகும். தளத்துக்கு ஃபயர் பிரிக்தான் (கடும் சூட்டைத் தாங்கும் செங்கல்) சரி. 9க்கு 4½ அங்குலக் கல் 18 வாங்கினால் 27 அங்குலச் சதுரம் கச்சிதமாக வரும், சிமென்ட் எதுவும் வேண்டாம், நெருக்கி வையுங்கள்.

கேள்வி: கடையில் விற்கும் அடுப்பு கட்டுப்படியாகவில்லை. குறைந்த செலவில் எப்படிக் கட்டுவது? மாடி தாங்குமா? (வாசகி, கம்மனஹள்ளி)

பதில்: பணம் போக வேண்டியது தளத்துக்கு மட்டும்தான் அம்மா, மேலே மண்ணே போதும். நம் பாட்டிமார் மண் அடுப்பு போட்ட அதே மண்தான், வடிவம் மட்டும் கவிழ்த்த சட்டி மாதிரி. களிமண் ஒரு பங்கு, மணல் இரண்டு முதல் மூன்று பங்கு, கொஞ்சம் வைக்கோல், காலால் மிதித்துக் குழைக்க வேண்டும். களிமண்ணுக்குப் பாட்டரி டவுன் போய்க் கேளுங்கள், குயவர் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன.

தளக்கல்லுக்கு அடியில், சூடு கீழே இறங்காமல் தடுக்க, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைத் துகள்) ஐந்து பங்கு, சிமென்ட் ஒரு பங்கு கலந்து நாலு அங்குலம் போடுங்கள். மாடித்தோட்டத்துக்குச் செடி விற்கும் நர்சரியிலேயே பெர்லைட் கிடைக்கும். இதை விட்டுவிட்டால் சூடு கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் விறகு போட்டுக்கொண்டே இருப்பீர்கள். அப்புறம் தளத்தின்மேல் ஈர மணலைக் குவித்துக் குவிமாடம் பிடித்து, ஈரச் செய்தித்தாள் ஒட்டி, அதன்மேல் நாலு அங்குலக் கனத்துக்கு மண் அப்ப வேண்டும். மண் கொஞ்சம் இறுகியதும் வாய் வெட்டி உள்ளே இருக்கும் மணலைச் சுரண்டி எடுத்துவிடலாம். இங்கே ஒரு கணக்கு முக்கியம்: உள்கூரை 14 அங்குலம் என்றால் வாய் 9 அங்குலம், அதாவது சுமார் 63 சதவீதம். வாய் இதைவிட உயர்ந்தால் சூடு வெளியே ஓடிவிடும், குறைந்தால் தீ மூச்சுத் திணறிப் புகையும்.

ஒரு வாரம் நிழலில் உலரட்டும். அப்புறம் நாலைந்து நாள் தினமும் சின்னச் சின்னத் தீ, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. நான் என் முதல் அடுப்பில் மூன்றாம் நாளே விருந்தாளியைக் கூப்பிட்டுப் பெருந்தீ வைத்தேன், மண்ணில் இருந்த ஈரம் ஆவியாகி அடுப்பு இரண்டாகப் பிளந்தது, வந்தவர்களுக்கு உப்புமா. மயிர்க்கோடு மாதிரி விரிசல் வந்தால் மண் பூசிக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் கட்டுங்கள், இங்கே செப்டம்பர், அக்டோபர் மழையில் மண் அடுப்பு கரைந்தே போகும், மேலே ஒரு தகரக் கூரை கட்டாயம்.

எடை எல்லாம் சேர்த்துக் கால் டன்னைத் தாண்டும். சுவரோ பீமோ இருக்கும் இடத்தின்மேல் வையுங்கள், மாடியின் நடுவில் வேண்டாம். வாடகை வீடு என்றால் முதலில் ஓனர், அப்புறம் களிமண்.

கேள்வி: அதே ரெசிபி, ஓடிஜியில் (வீட்டு மின்சார அவன்) நன்றாக வருகிறது, விறகடுப்பில் ஓரமெல்லாம் கருகுகிறது. ஏன்? (வாசகி, அல்சூர்)

பதில்: மாவில் சர்க்கரை போடுகிறீர்கள் இல்லையா? ஓடிஜி 250 டிகிரியைத் தாண்டாது, அங்கே நிறம் வரச் சர்க்கரை உதவும். இங்கே அதுவே கரியாகும். சர்க்கரையும் எண்ணெயும் இல்லாமல் மைதா 500 கிராம், தண்ணீர் 300 மில்லி, உப்பு 12 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் டீஸ்பூன். நம் ஊர்க் குளிருக்கு எட்டு மணி நேரம் வெளியிலேயே பொங்கட்டும். நாலு உருண்டை வரும். பலகையில் ரவை தூவினால் வழுக்கிக்கொண்டு போகும்.

சாஸுக்கு நாட்டுத் தக்காளி வேண்டாம், நீர் விட்டு மாவை ஊற வைத்துவிடும். சென்னையில் ‘பெங்களூர் தக்காளி’ என்பார்களே, அந்தச் சதைப்பற்றானது. (இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது, பெங்களூருவில் யாரும் அதை அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.)

கேள்வி: என்ன விறகு? பக்கத்து வீட்டில் புகை என்று சண்டைக்கு வருகிறார்கள். (வாசகர், ஆஸ்டின் டவுன்)

பதில்: அவர்கள் துணி காயப்போட்டிருக்கும் நேரத்தில் பற்ற வைத்தால் நானும்தான் வருவேன். புகைக்குக் காரணம் பெரும்பாலும் ஈர விறகு. நன்றாகக் காய்ந்த சவுக்கு, புளி, மா, பற்ற வைக்கக் கொட்டாங்குச்சி, எல்லாம் கட்டைவிரல் முதல் மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்தது. பிளைவுட், பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், பேக்கிங் பெட்டிப் பலகை எதுவும் வேண்டவே வேண்டாம், அந்த நஞ்சுப் புகை உங்கள் பீட்சாமீதுதான் படியும்.

அடுத்த வாரத்து விறகை, ஆறிக்கொண்டிருக்கும் அடுப்புக்குள்ளேயே அடுக்கிக் காயவைக்கலாம், ஆனால் மறுநாள் காலையில், தணல் ஒரு பொட்டுகூட இல்லை என்று கிளறிப் பார்த்த பிறகு. ஒருமுறை நான் அன்று ராத்திரியே அடுக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். இரண்டு மணிக்கு பக்கத்து வீட்டுக்காரர்தான் போன் செய்து எழுப்பினார்.