கோபம் கோச் மேல்தானா?

மதிப்பிற்குரிய மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு 32 வயசு. ஊர் வேலூர், சத்துவாச்சாரி. கோட்டை மைதானத்தில் ஓர் அண்ணன் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்து கால்பந்து கோல்கீப்பர் ஆனவன். சென்னை லீக்கில் பல சீசன் நின்றிருக்கிறேன். வெளிமாநில கிளப் ஒன்றுக்காக ஐ-லீக் இரண்டாம் டிவிஷனும் ஆடினேன். ஆடினேன் என்றால், பாதிக்கு மேல் பெஞ்சில்தான்.

இப்போது இருக்கும் கிளப்பில் புது கோச் வந்ததிலிருந்து என்னை ஒதுக்குகிறார். இருபது வயசுப் பையன் ஒருவனை நிறுத்துகிறார். பையன் உயரம், அவ்வளவுதான். கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கி அடிக்கும் பந்து) வந்தால் வெளியே வருவதா வேண்டாமா என்று தயங்குகிறான். எங்கே தப்பு என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? ஃபார்வர்டு என்றால் கடைசிப் பத்து நிமிஷமாவது இறக்குவார்கள். கோல்கீப்பரை யார் மாற்றுவார்கள்? முதல் ஆளுக்கு அடிபட்டால்தான் இரண்டாவது ஆளுக்கு வாழ்வு.

சம்பளம் தள்ளித் தள்ளித்தான் வரும். கிளவுஸ் என் காசு. உள்ளங்கை நுரை தேய்ந்துபோய், தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிடிப்பு வரவைத்து ஆடுகிறேன். ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் 25 வயசுக்குள் நுழைந்திருக்க வேண்டும். மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராஃபி கேம்ப் வரை போனேன், கடைசி லிஸ்டில் பேர் இல்லை. அங்கேயும் இதே கதைதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் என் அண்ணனைக் காட்டி மாமனார் பேசுகிறார். என் மனைவி நர்ஸ். வீடு அவள் சம்பளத்தில் ஓடுகிறது. அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதுவே குத்துகிறது.

வயசாகிவிட்டது என்கிறார் கோச். இத்தாலி கோல்கீப்பர் டினோ ஜாஃப் 40 வயசில் கேப்டனாக 1982 உலகக் கோப்பையை வாங்கினார். அதே நாட்டு கோல்கீப்பர் பஃபான் 45 வயசு வரை ஆடினார். கோல்கீப்பருக்கு 32 ஒரு வயசா? போன சீசனில் ஒரு கார்னர் கிக்கில் எதிராளியின் முட்டி பட்டுக் கண்ணுக்கு மேல் தையல் போட்டார்கள். அடுத்த மேட்சிலேயே நின்றேன். அதற்கெல்லாம் மதிப்பே இல்லை. உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் லிஸ்டில் பேர் இருந்தால் முந்தின ராத்திரி சோறு இறங்காது, இல்லையென்றால் நன்றாகத் தூங்கிவிடுகிறேன், அது யாருக்கும் இருப்பதுதான். ஆனால் கோச் செய்வது அநியாயம் இல்லையா?

காட்பாடி பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு கோச்சிங் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். அதற்கா இத்தனை வருஷம்? அடுத்த மாதம் வேறு கிளப்பில் ட்ரையல்ஸ். அதற்குப் போவதா, இங்கேயே கோச்சிடம் நேருக்கு நேர் கேட்டுவிடுவதா?

- பெயர் வேண்டாம், வேலூர்

அன்புள்ள தம்பிக்கு,

சம்பளம், கிளவுஸ், கோட்டா, மாமனார் எல்லாவற்றையும் படித்தேன். இரண்டாவது கோல்கீப்பரின் காத்திருப்பு கொடுமைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பேர் இல்லாத நாளில் நன்றாகத் தூங்குகிறேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, மற்றதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அது யாருக்கும் இருப்பதல்ல தம்பி. மேட்சுக்கு முன்னால் வயிறு கலங்குவது சகஜம். ஆனால் ஆட ஏங்குகிறவனுக்கு, பேர் விடுபட்ட ராத்திரியில்தான் தூக்கம் வராது. உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது. அப்படியானால் அந்த கோச் உங்களுக்குக் கெடுதல் மட்டுமா செய்கிறார்? ஆட வேண்டாம் என்ற முடிவை உங்களுக்குப் பதிலாக அவர் எடுத்துக்கொள்கிறார். நீங்கள் அவர் மேல் கோபப்படவும் செய்யலாம், நிம்மதியாகத் தூங்கவும் செய்யலாம். ரொம்ப வசதியான ஏற்பாடு. அதனால்தான் அவரை விட மனசு வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்கக் கசப்பாக இருக்கும், தெரியும்.

இந்தத் தூக்கம் எப்போதிலிருந்து என்று நீங்கள் எழுதவில்லை. முட்டி பட்டுத் தையல் போட்ட பிறகா? அப்படியென்றால் அது அடிபட்ட பயமாக இருக்கலாம். அடுத்த மேட்சிலேயே நின்றதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பயத்துக்கு ஒரு நாள்கூட இடம் கொடுக்காமல் போய் நின்றிருக்கிறீர்கள், அது ராத்திரியில் வருகிறது. இதற்குச் சிகிச்சை உண்டு, வேலூரில் நல்ல மனநல மருத்துவர்களுக்குப் பஞ்சமும் இல்லை. பஃபானை வயசுக்காக இழுத்தீர்கள். அதே பஃபான் 25, 26 வயசில், இத்தாலி கிளப் யுவென்டஸில் கொடிகட்டிப் பறந்தபோது, மாதக்கணக்கில் மனச்சோர்வில் கிடந்ததை அவரே வெளியே சொல்லியிருக்கிறார். உதவி கேட்டுப் போனார். 2006 உலகக் கோப்பை அதற்கு அப்புறம் வந்தது. உங்களுக்கும் கோப்பை வரும் என்று சொல்லவில்லை. மருத்துவரிடம் போவதைத் தோல்வியாக நினைக்காதீர்கள் என்கிறேன்.

அடிபடுவதற்கு முன்பிருந்தே இப்படித்தான் என்றால் விஷயம் வேறு. உங்களுக்கு இது போதும் என்று ஆகியிருக்கலாம். அதைச் சொல்ல ஜாஃபின் வயசும் தடையில்லை, மாமனாரின் வாயும் தடையில்லை. கிளப் தள்ளிவிட்டுப் போனால் பரிதாபம் கிடைக்கும், நானே போனால் என்ன கிடைக்கும் என்ற கணக்குதான் தடுக்கிறது.

ட்ரையல்ஸா, கோச்சோடு மோதலா என்று கேட்டீர்கள். இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 94 தடவை கோல்கீப்பர் ஏதாவது ஒரு பக்கம் பாய்ந்திருந்தார். நடுவில் நின்றிருந்தால் தடுக்கும் வாய்ப்பு அதிகம் என்றது கணக்கு. நின்று கோல் வாங்கினால் சும்மா நின்றான் என்பார்கள், பாய்ந்து வாங்கினால் பாவம் என்பார்கள். நீங்கள் கேட்ட இரண்டுமே பாய்ச்சல்தான். கொஞ்சம் நில்லுங்கள்.

அந்தப் பையன் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. கோட்டை மைதானத்து அண்ணன், இவன் நாளை நம் இடத்துக்கு வந்துவிடுவான் என்று நினைத்திருந்தால் நீங்கள் எங்கே இருந்திருப்பீர்கள்? நாளைக்கே பிராக்டிஸில் அவனைக் கூப்பிட்டுக் கிராஸுக்கு எப்போது வெளியே வர வேண்டும் என்று காட்டுங்கள். கோச்சுக்காகச் செய்ய வேண்டாம். சொல்லிக்கொடுக்கும்போது மனசு எப்படி இருக்கிறது என்று பார்க்க உங்களுக்கே ஒரு வாய்ப்பு.

அப்புறம், உங்கள் மனைவி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றீர்கள். நீங்கள் இந்தத் தூக்கக் கதையை அவரிடம் சொன்னீர்களா? அவர் நைட் டூட்டி இல்லாத ஒரு நாளாகப் பார்த்து முதலில் சொல்லுங்கள். பள்ளிக்காரர்களுக்கு இப்போதைக்குச் சரி என்றும் சொல்ல வேண்டாம், முடியாது என்றும் சொல்ல வேண்டாம். டைம் கேளுங்கள், தருவார்கள்.