ரிவர் கார்டும் உன் செல்போனும்

அன்புள்ள அண்ணனுக்கு,

சனிக்கிழமை ராத்திரி நாங்க நாலு பேரு சும்மா சிப்ஸ் வச்சு போக்கர் ஆடுவோம், காசு கிடையாது. போன வாரம் ஒரு ஆட்டத்துல நானும் இன்னொருத்தனும்தான் மிஞ்சுனோம், என் கையில ஏஸ்-ராஜா. ஃப்ளாப்ல, அதான் மேசையில மொதல்ல விரிக்கிற மூணு பொதுக் கார்டுல, இஸ்பேடு ஏஸ், ஆட்டின் ஒன்பது, ஆட்டின் நாலு. அவன் செக், அதாவது ஒண்ணும் வைக்காம விட்டான், நான் 100 வச்சேன், அதே அளவு போட்டு கால் பண்ணான். டர்ன்ல, நாலாவது பொதுக் கார்டா, கிளாவர் ஏழு, மறுபடி செக், நான் 200 வச்சேன், அதுக்கும் கால். ரிவர்ல, கடைசி அஞ்சாவது கார்டா, டைமன் ரெண்டு. நடுவுல சேந்த பாட்ல 800 கெடக்கு, திடீர்னு அவனே 400 தள்ளிட்டான். நான் போன நோண்டிக்கிட்டு இருந்தவன் நிமிந்து அவன் மூஞ்சியவே பாத்தேன், ஒண்ணும் புரியல, கார்டக் கவுத்து விட்டுக்கொடுத்துட்டேன். அவன் ஒரு ஜோடி கூட சேராத ஆட்டின் ராணி-ஜாக்கியத் திருப்பிக் காட்டிச் சிரிக்கிறான். மூஞ்சியப் படிக்கிறது எப்படிண்ணே? எந்த புக்கு படிக்கலாம்? ஆன்லைன்ல காசு வச்சு ஆடிப் பழகவா?

ஆர்., தங்கச்சிமடம்

தம்பி,

புக்கு அப்புறம் பாப்போம். ஆன்லைன் காசு ஆட்டத்த 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்லயே சட்டம் போட்டு நிறுத்தியாச்சு, அந்தப் பேச்சே வேணாம்.

இந்த மூஞ்சி படிக்கிற கதையப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், நீ வந்து வாயக் கிளறிட்ட. சினிமாவுல வில்லனுக்குக் கண்ணு துடிக்கும், ஹீரோ கண்டுபிடிச்சிருவாரு. நெசத்துல ஒருத்தன் மூஞ்சி சுருங்குனா அது பயமாவும் இருக்கலாம், மதியம் தின்ன பரோட்டாவாவும் இருக்கலாம்.

பாம்பன்ல தடைக்காலம் 61 நாளும் விசைப்படகெல்லாம் கரையில கெடக்கும்ல, வலை பொத்துறது போக மிச்ச நேரம் ஆளுங்க முந்நூத்தி நாலு ஆடுவாங்க, 32 கார்டு, ஆளுக்கு எட்டு, அதுல ஜாக்கிதான் பெருசு, 30 பாயிண்ட், அடுத்து ஒன்பதுக்கு 20. அங்க ஒரு சம்மாட்டி, படகு முதலாளி, இருந்தாரு, கண்ணுல புரை விழுந்து எதிர்ல இருக்கவன் மூஞ்சியே கலங்கலாத்தான் தெரியும், ஆனா கடைசி மூணு கார்டு மிஞ்சும்போது யார்ட்ட என்ன கெடக்குன்னு புட்டுப் புட்டு வைப்பாரு. ஒருக்கா நான் அவரு காதுல, அங்கிட்டு இருக்கவன் உதட்டக் கடிக்கிறான்னு சொன்னேன். "பசிக்கும்டா அவனுக்கு, ரெண்டாஞ் சுத்துல எதுக்கு ஏஸப் போட்டான் அதச் சொல்லு"ன்னு வஞ்சாரு. எனக்குச் சொல்லத் தெரியல, அந்தச் சுத்துல நான் கடலப் பாத்துக்கிட்டு இருந்தேன், நீ போனப் பாத்த மாதிரி.

இப்ப உன் ஆட்டத்துக்கு வா. மேசையில ரெண்டு ஆட்டின் கார்டு கெடக்கும்போது மூணு ஒன்பதோ ரெண்டு ஜோடியோ சேந்தவன் பெரும்பாலும் சும்மா கால் பண்ணிக்கிட்டு இருக்க மாட்டான், ஏத்துவான், ஏன்னா எதிராளிக்கு அஞ்சும் ஆட்டினா, அதான் ஃப்ளஷ், சேந்துரும்னு அவனுக்குத்தான் பயம். செக், கால், செக், கால்னு ஒருத்தன் வந்தா அவன் எதுக்கோ காத்திருக்கான். அவன் கையில ரெண்டு ஆட்டின் இருந்தா மிச்ச ஆட்டின் ஒன்பது கார்டு, அடுத்த ரெண்டு கார்டுல ஒண்ணாச்சும் வர்றதுக்கு 35 சதவீதம்தான். வரல. டைமன் ரெண்டு வந்துச்சு. அந்த ரெண்டு யாருக்குடா ஒதவும்? ஒதவாத கார்டு விழுந்ததும் 400 தள்ளுறான்னா அது வரைக்கும் அவன் சொன்ன கதையோட இது ஒட்டலியே! நீ 400 போட்டா எடுக்கப்போறது 1200, அதாவது நாலுல ஒரு தடவ அவன் பொய் சொன்னாலே உனக்கு நட்டமில்ல. நாலுல ஒண்ணு கூடவா சந்தேகப்பட மாட்ட?

கண்டுபிடிச்சா மட்டும் போதாதுங்கிறது வேற விஷயம். 2003 லாஸ் வேகாஸ் போக்கர் உலகப் போட்டியில கடைசி ரெண்டு பேரு, மணிமேக்கர் வெறும் ராஜாவ வச்சுக்கிட்டு ரிவர்ல எல்லாத்தையும் தள்ளுறாரு, எதிர்ல ஃபர்ஹாவுக்கு ஒன்பதுல ஒரு ஜோடி. உனக்கு ஃப்ளஷ் வரல போலன்னு வாயாலயே கேட்டாரு மனுசன், கேட்டுட்டும் கவுத்தாரு. 86 டாலர் ஆன்லைன் போட்டியில செயிச்சு உள்ள வந்த மணிமேக்கருக்குக் கடைசியில 25 லட்சம் டாலர் பரிசு கெடச்சுச்சு.

நீ கவுத்ததுக்குக் கூட நான் கோவப்படல, நல்ல கையவும் விட மனசு வேணும், அது உன்கிட்ட இருக்கு. ஆனா அவன் ஏன் காட்டினான்னு யோசிச்சியா? ஜெயிச்சவன் காட்டணும்னு சட்டமில்ல. அவன் உன்னைக் கிளப்பி விட்டிருக்கான், இந்த சனிக்கிழமை ரிவர்ல மறுபடி பெருசா வப்பான், நீ ரோசத்துல கால் பண்ணுவ, அப்ப அவன் கையில நெசமாவே இருக்கும்.