தியேட்டரா, வீடா: பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

கேள்வி: நாங்கள் நான்கு பேர். போன மாதம் சென்னையில் ஒரு மல்டிபிளெக்ஸில் புதுப்படம் பார்த்தோம். டிக்கெட் தலைக்கு 190 வீதம் 760 ரூபாய், ஆன்லைன் புக்கிங் கட்டணம் 142, இடைவேளையில் பாப்கார்ன், கூல்டிரிங்ஸ், சமோசா 880, கார் பார்க்கிங் 80. மொத்தம் 1,862 ரூபாய். "இந்தக் காசுக்கு ஒரு வருஷ ஓடிடியே வாங்கலாம், இனிமேல் தியேட்டர் வேண்டாம்" என்கிறார் கணவர். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. யார் சொல்வது சரி? (வாசகி, தாம்பரம்)

பதில்: பில்லை வரிவரியாக எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. பெரும்பாலானவர்கள் "ரெண்டாயிரம் ஆச்சு" என்று மட்டும்தான் எழுதுகிறார்கள்.

நீங்கள் கொடுத்த 1,862 ரூபாயில் படத்துக்குப் போனது 760. நூறு ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 41 ரூபாய். தின்பண்டத்துக்குப் போனது 47 ரூபாய். உங்கள் கணவருக்குக் கோபம் தியேட்டர் மேல் வந்திருக்கிறது. அது வரவேண்டியது அந்த 880 ரூபாய் மேல்.

தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 அக்டோபர் வரை சென்னை மல்டிபிளெக்ஸில் 120 ரூபாய்க்கும் முன்வரிசையில் 10 ரூபாய்க்கும் படம் பார்த்தோம். அதன்பிறகு வரம்பு வரி தவிர்த்து 150 ஆனது. வரியெல்லாம் சேர்த்தால் நீங்கள் கொடுத்த 190 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதனால் உங்கள் பக்கத்தில் நல்ல தனித் திரையரங்கு ஒன்று 100 ரூபாய்க்குள் டிக்கெட் கொடுத்தால், வரியிலும் உங்களுக்கு மிச்சம்தான்.

டிக்கெட்டுக்கு வரம்பு உண்டு, பாப்கார்னுக்குக் கிடையாது. பில் வீங்குவது அங்கேதான். வெளி உணவை உள்ளே விடுவதும் விடாததும் தியேட்டர்காரர் விருப்பம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆனால் அதே வழக்கில் இரண்டு விஷயங்களை உறுதி செய்திருக்கிறது. சுத்தமான குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும். கைக்குழந்தையோடு வருபவர்கள் குழந்தைக்கு வேண்டிய உணவைக் கொண்டுவரலாம். தண்ணீர் எங்கே என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். அப்புறம், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படத்துக்குப் போங்கள். பசியோடு மேட்னிக்குப் போகும் பிள்ளைகள் இடைவேளையில் எதைக் கேட்டாலும் நம்மால் மறுக்க முடியாது. என் வீட்டில் இரண்டு மணிக் காட்சி என்றால் ஒரு மணிக்குச் சோறு. இந்த ஒரு பழக்கத்தில் இடைவேளைச் செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

புக்கிங் கட்டணம் டிக்கெட் ஒன்றுக்கு 35 ரூபாய் சொச்சம். முதல் நாள் கூட்டத்துக்கு அது நியாயம். படம் வந்து பத்து நாள் கழித்து, புதன்கிழமை மாலைக் காட்சிக்கு எதற்கு? கவுன்டரில் வாங்கினால் அந்த 142 ரூபாய் உங்கள் கையில்.

சரி, ஓடிடிக்கு வருவோம். கணவர் மனத்தில் இருப்பது அமேசான் பிரைமின் 1,499 ரூபாய் ஆண்டுக் கட்டணம் என்று நினைக்கிறேன். அதில் 2025 ஜூனிலிருந்து படத்துக்கு நடுவே விளம்பரம் வருகிறது. விளம்பரம் வேண்டாம் என்றால் ஆண்டுக்கு இன்னும் 699. ஆக 2,198. அதைவிட முக்கியமானது, நீங்கள் பார்க்க நினைக்கும் படம் அங்கேதான் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. புதுத் தமிழ்ப் படங்கள் நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஜியோஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட், ஜீ5, சோனி லிவ், ஆஹா என்று ஆளுக்கொன்றாகப் பிரிந்து கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஆண்டுக் கட்டணம் கட்டினால் தியேட்டரே மலிவு என்று ஆகிவிடும்.

தியேட்டரில் பணம் வீணாவது இடைவேளையில். ஓடிடியில் வீணாவது பார்க்காத மாதங்களில். அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் வலிப்பதும் இல்லை.

ஒரு தாளில் கடந்த ஆறு மாதத்தில் வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்த்த புதுப்படங்களை எழுதுங்கள், எந்த ஆப்பில் என்பதையும் சேர்த்து. நிறைய வீடுகளில் ஒரு ஆப்பில் இரண்டே இரண்டு படம்தான் தேறும். அதற்கு ஆண்டுக் கட்டணம் வேண்டாம். பிரைமில் மாதத்துக்கு 299. ஐந்து மாதம் தனித்தனியாகக் கட்டினால் 1,495. ஐந்து மாதத்துக்கு மேல் உண்மையிலேயே பார்ப்பவருக்கு, அல்லது அமேசானில் அடிக்கடி பொருள் வாங்குபவருக்குத்தான் ஆண்டுத் திட்டம் லாபம். மற்றவர்கள் இந்த மாதம் ஒரு ஆப், அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றிக்கொண்டே போகலாம். நான்கு மாதம் பொறுத்தால் படங்கள் சேர்ந்திருக்கும். ஒரே மாதத்தில் பார்த்து முடித்துவிட்டு நிறுத்திவிடலாம்.

உங்கள் வீட்டுக்கு என் கணக்கு இது. இப்போது ஆண்டுக்கு ஆறு முறை தியேட்டர் என்று வைத்தால் 11,172 ரூபாய். அதற்குப் பதில் மூன்று முறை தியேட்டர், முறைக்கு 1,000 ரூபாய்: டிக்கெட் 760, பார்க்கிங் 80, எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் ஒரு பாப்கார்னுக்கு 160. அதற்குள் வராவிட்டால் வேண்டாம். அதோடு ஓடிடிக்கு மாதம் 250 வீதம் 3,000. மொத்தம் 6,000 ரூபாயில் வருடம் ஓடிவிடும். பிள்ளைகள் முகமும் வாடாது.

எந்த மூன்று படத்துக்குப் போவது? இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரிய நடிகர் படம் ஏறக்குறைய நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடும். இந்திப் படங்களுக்கு மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வார இடைவெளி கேட்கின்றன. இந்த வித்தியாசத்தால்தான் 2023 இல் 'லியோ'வின் இந்திப் பதிப்பு வடக்கே பெரிய மல்டிபிளெக்ஸ்களில் வெளியாகவில்லை. ஆனால் பெரிய நடிகர் இல்லாத சின்னப் படத்தை ஓடிடி நிறுவனங்கள் முன்புபோல உடனே வாங்குவதில்லை. பலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகிறது. ஒரு சின்னப் படம் நன்றாக இருக்கிறது என்று நம்பகமானவர் சொன்னால், முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். இரண்டாவது வாரம் அது தியேட்டரில் இருக்காது, வீட்டுக்கு எப்போது வரும் என்றும் தெரியாது. மூன்றில் ஒன்றையாவது அப்படி ஒரு படத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி: சந்தா கட்டிய ஆப்பிலேயே ஒரு படத்துக்குத் தனியாக வாடகை கேட்கிறது. இது ஏமாற்று இல்லையா? (வாசகர், திருச்சி)

பதில்: ஏமாற்று இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து காட்டுவதால் குழப்பம் வருகிறது. பிரைம் 2022 ஏப்ரலில் இந்தியாவில் படங்களை வாடகைக்கு விட ஆரம்பித்தது. அப்போது அறிவித்த விலை படத்துக்குத் தக்கபடி 69 முதல் 499 ரூபாய் வரை. சந்தா இல்லாதவரும் வாடகைக்கு எடுக்கலாம். பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். பிளே பட்டனை அழுத்திவிட்டால் 48 மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். யூடியூபிலும் ஏறக்குறைய இதே விதிதான். பல படங்கள் சில வாரத்தில் சந்தாவுக்குள் வந்துவிடுகின்றன, தனி ஆளாகப் பார்ப்பவர் பொறுத்திருக்கலாம். எட்டுப் பேர் கூடும் பொங்கல் லீவில் கூடத்தில் உட்கார்ந்து பார்க்க வாடகை மலிவுதான், தலைக்கு இருபது ரூபாய்கூட ஆகாமல் போகலாம்.

வீட்டில் பார்க்கத் தனிக் கட்டணம் என்பது நமக்குப் புதிதும் அல்ல. 2013 இல் 'விஸ்வரூபம்' படத்தை தியேட்டருக்கு முன்பே டிடிஎச் வழியாக 1,000 ரூபாய்க்குக் காட்ட கமல்ஹாசன் திட்டமிட்டபோது தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள். இன்று அதில் ஒரு பங்கு விலையில் அதே வசதி கையில் இருக்கிறது.

கேள்வி: ஒரு படத்துக்காக ஒரு மாதச் சந்தா கட்டினேன். பார்த்துவிட்டு ஆப்பையும் நீக்கிவிட்டேன். மூன்று மாதமாக வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கிறது. (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது, தங்கச்சி. போனிலிருந்து ஆப் போகும், நீங்கள் கொடுத்த அனுமதி வங்கியில் அப்படியே இருக்கும். எனக்கும் ஒரு சேவையில் இப்படி ஐந்து மாதம் போயிருக்கிறது. வங்கிக் குறுஞ்செய்திகளைப் படிக்காமல் விட்டதன் விலை அது.

முதலில் அந்த ஓடிடி கணக்கில் நுழைந்து சந்தாவை ரத்து செய்யுங்கள். கூகுள் பிளே வழியாகக் கட்டியிருந்தால் அங்கே உள்ள சந்தா பகுதியில்தான் ரத்து செய்ய முடியும். அடுத்து, நீங்கள் பயன்படுத்தும் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போங்கள். எந்தெந்த நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று வரிசையாக இருக்கும். இந்த ஒன்றை மட்டும் அல்ல, எல்லாவற்றையும் பாருங்கள், மறந்துபோன இன்னொன்று கண்டிப்பாக இருக்கும்.

ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தகவல் வராமலே எடுத்திருந்தால், அதைக் குறிப்பிட்டு வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ரத்து செய்யும் பட்டனையே ஒளித்துவைத்து அலைக்கழித்தால், அது 2023 நவம்பரில் மத்திய அரசு தடைசெய்த ஏமாற்று உத்திகளில் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேசும்போது பணம் போன தேதிகளும் தொகையும் கையில் இருக்கட்டும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு மாதச் சந்தா கட்டும் அன்றைக்கே ரத்தும் செய்துவிடுங்கள். பெரும்பாலான ஆப்களில் கட்டிய மாதம் முடியும்வரை படம் ஓடும்.

கேள்வி: முதல் நாள் டிக்கெட் கேட்டால், பாப்கார்ன் காம்போவோடு சேர்த்து வாங்கினால்தான் தருவோம் என்கிறார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? (வாசகர், வேலூர்)

பதில்: வேண்டாம். ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொன்று தருவேன் என்று கட்டாயப்படுத்துவது, 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தடையுள்ள வணிக முறை. அரசு வரம்புக்கு மேல் டிக்கெட் விற்பதும் உரிம விதி மீறல். தியேட்டர் உரிமம் மாவட்டத்தில் ஆட்சியர் கையில், சென்னையில் காவல் ஆணையர் கையில். புகாரை அங்கே கொடுங்கள். டிக்கெட்டையும் காம்போ பில்லையும் தூக்கிப் போடாதீர்கள், காம்போ விலை போட்ட பலகை இருந்தால் படம் எடுங்கள். பில் இல்லாத புகார் நிற்காது.

கேள்வி: பெங்களூரில் தமிழ்ப் படம் பார்க்க ஒரு டிக்கெட் 500 ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். ஊரில் 190 தானே? (வாசகர், பெங்களூர்)

பதில்: அங்கே இங்குள்ளது போன்ற வரம்பு நடைமுறையில் இல்லை. கர்நாடக அரசு 2025 செப்டம்பரில் 200 ரூபாய் என்று வரம்பு அறிவித்தது, அதே மாதத்தில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. உங்களுக்கு என் யோசனை, முதல் வார இறுதியை மட்டும் விட்டுவிடுங்கள். வார நாள் காலைக் காட்சியில் அதே சீட்டின் விலை நன்றாக இறங்கிவிடும். அதற்கும் நேரம் இல்லை என்றால், நான்கு வாரம் காத்திருப்பதில் உங்களைவிட அதிகம் மிச்சம் பிடிப்பவர் யாரும் இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. காது கொஞ்சம் மந்தம். அவருக்காக 55 இஞ்ச் டிவி வாங்கலாமா, தியேட்டர் செலவை அதில் ஈடு கட்டலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: ஈடு கட்ட என்று வாங்காதீர்கள். 40,000 ரூபாய் டிவி ஐந்து வருடம் உழைத்தால் ஆண்டுக்கு 8,000. அதற்கு இரண்டு பேர் எத்தனை முறை தியேட்டருக்குப் போய்வரலாம் என்று பாருங்கள். இருக்கும் டிவி பழசாகிவிட்டது, எப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்றால் வாங்கலாம். 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

வாங்கினால் மூன்று விஷயம் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய்த் திட்டம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும், டிவியில் வராது. 199 ரூபாய்த் திட்டம் டிவியில் வரும், 720பி தரம்தான், ஆனால் அம்மாவுக்கு அது போதும். அடுத்தது நெட். எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை ஆகும், இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஏழு ஜிபிக்கு மேல். போன் ஹாட்ஸ்பாட்டில் தினம் ஒன்றரை ஜிபியை வைத்து முயல வேண்டாம், பிராட்பேண்ட் வேண்டும். மூன்றாவது ஒலி. மெலிந்த டிவிகளின் ஸ்பீக்கரில் இசை இரையும், வசனம் அமுங்கும். காது மந்தமானவருக்கு அது பெரிய சோதனை. டிவியின் அளவை 55 லிருந்து 43 ஆகக் குறைத்து, மிச்சமாகும் பணத்தில் ஒரு சவுண்ட்பார் வாங்குங்கள். தமிழ் வசன வரி கிடைக்கும் படங்களில் அதையும் போட்டுவிடுங்கள்.

ஆனால் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்தத் தலைமுறைக்குப் படம் என்றால் புடவை மாற்றிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வெளியே போவது. வீட்டில் போதும் என்று அவர் சொல்வது செலவை நினைத்தா, படிக்கட்டை நினைத்தா என்று தெரிய வேண்டும். படிக்கட்டுதான் காரணம் என்றால் தியேட்டருக்குப் போன் செய்யுங்கள். லிஃப்ட் உண்டா, சாய்தளம் உண்டா, எந்த வரிசைக்குப் படி ஏறாமல் போகலாம் என்று கேட்டு, வார நாள் மேட்னிக்கு ஓரச் சீட்டாக இரண்டு எடுங்கள்.